நத்தைக் கணக்கு

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிப்
பத்தடியில் என் லாட்டரிக் கடை.
முன்னால் டிக்கெட் தொங்கும் கம்பி.
பின்னால் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
அதில் ஐந்து செங்கணியான்,
சிவப்புக் கோட்டுக்கடியில் ஒரு கறுப்புக் கோடு,
ஸ்கேல் வைத்து யாரோ இழுத்த மாதிரி.

மலையாற்று மீன்.
பங்குனி வெக்கை ஆகாது. கலங்கல் ஆகாது.
கரன்ட் போய்க் காற்றுக்குமிழ் நின்றால்
பத்தே நிமிடத்தில் மேலே வந்து வாய் பிளக்கும்.
ஷட்டரைப் படாரென்று தூக்கினால்
கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும்.
அதற்காகவே தினமும் காலையில்
திருடனைப் போல் கடை திறக்கிறேன்.

நத்தை வந்தது உக்கடத்துச் செடியில்.
ஈரப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
கோழி வண்டியை நிறுத்தினார்கள்,
தக்காளி வண்டியை நிறுத்தினார்கள்,
பஸ்ஸில் ஏறி ஒருவர் பைகளை அமுக்கிப் பார்த்தார்.
இலையடியில் வெந்த ஜவ்வரிசி போல
ஒரு சொட்டு ஒட்டியிருந்ததை
நானே பார்க்கவில்லை.

ஒரு மாதம்.
கண்ணாடியெல்லாம் மிளகு.

செடி விற்ற காஜாமைதீன்
நீலச் சீசா ஒன்றை எடுத்து வைத்தார்.
"ரெண்டு சொட்டு. ராத்திரியோட சரி."
செம்பு கலந்த மருந்து.
மீனுக்கு?
"சாதா மீனுன்னா தாங்கும்."
வாங்கித்தான் வந்தேன்.
வழியெல்லாம் யோசனை:
அத்தனையும் ஒரே ராத்திரியில் செத்தால்
ஓட்டுக்குள் இருந்தே அழுகும்,
விடியும்போது தண்ணீர் நாறும்,
மிச்சம் யார் இருப்பார்?
கல்லாப்பெட்டியில், விற்காத டிக்கெட்டுக்கடியில்
இன்னும் இருக்கிறது சீசா, முத்திரை உடையாமல்.

வெள்ளரிக்காய் ஒரு வில்லை,
எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி
இரவில் இறக்கிவிட்டுப் போவேன்.
காலையில் தூக்கினால் கறுப்பாக வரும்.
முதல் நாள் நாற்பத்து மூன்று.
உரக்க எண்ணிவிட்டேன் போலிருக்கிறது.
"நாப்பத்துமூணுல முடியறது இருக்குங்களா அக்கா?"
வெள்ளியங்கிரி. க.க.சாவடியிலிருந்து
முதல் பஸ்ஸில் வருகிறவர்.
இருந்தது. கொடுத்தேன்.
சாயங்காலம் நூறு ரூபாய் விழுந்தது.

மறுநாள் கடை முன்னால் நாலு பேர்.
அறுபத்தொன்று.
அதற்கடுத்த நாள் ஏழு பேர்,
ஒரு லாரி க்ளீனரும் சேர்த்து.
முப்பத்தெட்டு.
எண்ணி முடித்த நத்தைகளுக்கு
டீக்கடைக் கோழி காத்திருக்கும்.
வாய்க்காலில் கொட்ட மனசில்லை,
வாய்க்கால் வயலுக்குப் போகிறது.

மருந்தில்லாமல் எப்படிக் குறைகிறது என்று
யாரும் கேட்கவில்லை. சொல்கிறேன்.
ஆள் வராத நேரமெல்லாம்
ஒரு சிட்டிகை தீனி போடுவேன்.
பகல் இரண்டு மணிக்கு ஒன்று,
ரிசல்ட் வரும் மூன்று மணிக்கு முன்னால் ஒன்று,
பக்கத்துக் கடையில் கூட்டம் நின்றால் இரண்டு.
மீன் தின்றது போக மிச்சம்
மணலில் இறங்கியது.
நத்தை என்று தனியாக ஒன்றுமில்லை,
அதெல்லாம் என் சிட்டிகைகள்,
ஓடு கட்டிக்கொண்டு நடக்கின்றன.

இப்போது நாளைக்கு ஒரு தடவைதான்.
பதினேழு. ஒன்பது. ஒன்பது. ஆறு.
தொட்டி தெளிந்துவிட்டது.
செங்கணியான்கள் ஒரே வரிசையில் திரும்புகின்றன.
வாலில் மஞ்சள் ஏறியிருக்கிறது.
என் சந்தோஷம் வெள்ளியங்கிரிக்குப் பிடிக்கவில்லை.
"ஒத்தை நம்பரு ராசியில்லீங்க" என்றார் நேற்று.
டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறிவிட்டார்.

இன்று வில்லையில் மூன்று.
அதிலும் ஒன்று காலி ஓடு.
"எத்தனைங் அக்கா?"
பின்னால் எட்டுப் பேர்.

இருபத்தெட்டு என்றேன்.

நோட்டுகளை அடுக்கி வைத்தேன்.
கூட்டம் கலைந்தது.
வெயில் மேசைக்கு வந்தது.
கை தானாகத் தீனி டப்பாவுக்குப் போனது,
ஐந்து வாயும் அந்தக் கையைப் பார்த்தன.
மூடியைத் திருகவில்லை.
எவ்வளவு இருக்கிறதென்று
ஆட்டிப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது,
மூக்கை இடித்துக்கொள்ளும்.